பங்காளி என்றொரு சொல்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் மேல் கண்டிக்குப் போகும் முதல் பஸ் ஓடும் நேரத்தில் கறுப்பையா ஆற்றின் அடியில் இருப்பான். வள்ளத்தின் பக்கத்தில் ஊன்றிய மூங்கிலை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மறு கையில் வாளியோடு, மூச்சை அடக்கி இறங்க வேண்டும். அடியில் கண்ணுக்கு வேலை இல்லை. வாளியைக் காலால் மணலுக்குள் அழுத்தி, நிரம்பியதும் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால், மேலே வள்ளத்தில் நிற்கும் சாஹுல் ஹமீது அதைத் தூக்கிக் கொட்டுவார். கறுப்பையா மேலே வந்து வாயை அகலத் திறந்து காற்றை வாரிக் குடித்துவிட்டு மறுபடியும் இறங்குவான். காதில் ஓயாத இரைச்சல், கண்ணில் சிவப்பு, விரல்நுனிகளில் வெளுத்துச் செத்த தோல். மகாவலிக் கரையில் இதை மணல் தொழில் என்பார்கள்.

வள்ளம் நிறைந்ததும் கரைக்கு வரும். கரைக்கும் வள்ளத்துக்கும் நடுவில் போட்ட பலகையில் கறுப்பையாவின் மனைவி அங்கம்மாவும், சாஹுல் ஹமீதின் மனைவி ரபீகாவும், இன்னும் சில பெண்களும் தாச்சிச் சட்டியில் மணலைச் சுமந்து மேட்டில் குவிப்பார்கள். ஈர மணல் சும்மாட்டை நனைத்து, கழுத்தில் இறங்கி, முதுகெல்லாம் ஒழுகும். குவியல் லொறியில் ஏறும். லொறி எங்கே போகிறது, எவருடைய வீடு எழும்புகிறது என்பதெல்லாம் துறையை நடத்தும் அழகையா முதலாளிக்குத்தான் தெரியும். அனுமதிப் பத்திரம் அவருடையது, வள்ளம் அவருடையது, லொறிக்காரனிடம் பேசுகிற வாயும் அவருடையது.

அன்றைக்கு முதலில் வந்தது வாசம். "ஆரோ மண்ணெண்ண கொட்டிட்ட போல," என்றாள் ரபீகா. தலையில் தாச்சியோடு நின்றபடியே அங்கம்மா ஆற்றின் வளைவைப் பார்த்தாள்.

மேலே ஒரு தொழிற்சாலையின் உலை எண்ணெய்த் தாங்கி உடைந்து எண்ணெய் ஆற்றில் இறங்கியிருந்தது. ஆற்றங்கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. கறுப்புத் தண்ணீர் வளைவைத் தாண்டி, ஒரு அவசரமும் இல்லாமல், கரைக்குக் கரை பரவி வந்தது. கறுப்பையா அடியில் இருந்தான். சாஹுல் ஹமீது கயிற்றை இழுத்துப் பார்த்தார், மூங்கிலை ஆட்டிப் பார்த்தார். பயனில்லை. கயிறு கீழே இருப்பவன் மேலே பேசுவதற்கு மட்டும்தான். மேலே இருப்பவன் கீழே இருப்பவனை எச்சரிக்க அந்தத் தொழிலில் ஒரு சைகையும் கிடையாது. அப்படி ஒன்று தேவைப்படும் என்று இத்தனை காலத்தில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

கறுப்பையா எப்போதும் போல வாயை அகலத் திறந்துகொண்டு மேலே வந்தான்.

காற்றோடு எண்ணெயும் நெஞ்சுக்குள் போயிற்று. கரையில் இழுத்துப் போட்டபோது அவன் இருமக்கூட முடியாமல் கிடந்தான். அங்கம்மா முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க எண்ணெய் பரவியதே தவிரப் போகவில்லை. முச்சக்கர வண்டியில் ஏற்றிக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னார். நெஞ்சு ஆற மாதக்கணக்காகும், ஆறினாலும் இனி இந்த மனுஷன் தண்ணீருக்குள் இறங்க ஏலாது என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு அங்கம்மாவுக்கு எதுவும் உறைக்கவில்லை. அழுகை வரவில்லை. கோபம் வரவில்லை. பசித்தால் சாப்பிட்டாள், சோற்றில் எண்ணெய் வாசம் அடித்தது, அதையும் தின்றாள். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால், மிதித்த பிறகு கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. ரபீகா தோளைப் பிடித்து உலுக்கி, "அங்கம்மாக்கா, ஒருக்கா அழுதிருங்க," என்று கெஞ்சினாள். அங்கம்மா அவள் முகத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆற்றை மூடிவிட்டார்கள். குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மணல் அள்ளக் கூடாது. நகரத்துக்குக் குடிதண்ணீர் எடுப்பதும் நின்றது. பெரிய மனிதர்கள் வந்து பாலத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு சிரமதானம் என்று, உழைப்பைத் தானமாகக் கொடுக்க வரும்படி, ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். வேலை இழந்த மணற்காரர்களே தென்னந்தும்பையும் வைக்கோலையும் சாக்கில் கட்டி எடுத்துப் போய், முழங்கால் சேற்றில் நின்று, ஊரான் கொட்டிய எண்ணெயைச் சும்மா துடைத்தார்கள். தானம் கொடுக்கிற அளவுக்குச் செழிப்பாக இருந்தவர்கள் அவர்கள்தான் போலிருக்கிறது.

அரசாங்கம் அனர்த்த நிவாரண நிதி ஒன்றை அறிவித்தது. ஆற்றை நம்பிக் கூலி வேலை செய்தவர்களுக்கு, ஆறு திறக்கும் வரை மாதாமாதம் குடும்ப நிவாரணம். வேலை செய்யும்போது உடம்பு கெட்டவர்களுக்கு அதைவிடப் பெரிய தொகை. சொந்தமாகத் தொழில் நடத்துகிறவர்களுக்கு, அந்தத் தொழிலின் பெயரில் ஒரே நட்டஈடு. வானொலியில் இதைக் கேட்டபோது துறையில் எல்லாருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

பிரதேச செயலகத்திலிருந்து ஒரு உத்தியோகத்தர் துறைக்கு வந்தார். மருத மரத்தடியில் அவருக்குக் கதிரை போட்டார்கள். பக்கத்தில் அழகையா முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உத்தியோகத்தர் ஒவ்வொருவரிடமும் சிங்களத்தில் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"ஓயாலா ஹவுல்த, குலியட்டத?"

பங்காளிகளா, கூலிக்கு வேலை செய்கிறவர்களா என்று அர்த்தம். முதலில் நின்றவர் மூக்கையா, அந்தத் துறையில் மூழ்கி மணல் அள்ளும் சுழியோடிகளில் மூத்தவர். அவர் நெஞ்சை நிமிர்த்தி, "ஹவுல், சேர்," என்றார். அடுத்து சாஹுல் ஹமீது, "ஹவுல்." ரபீகா, "ஹவுல்." ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்த அங்கம்மாவும், தனக்கும் கறுப்பையாவுக்கும் சேர்த்து, "ஹவுல்" என்று சொல்லிவிட்டுப் போய்க் கல்லில் உட்கார்ந்தாள்.

யாரும் யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. வருஷக்கணக்காக வாயில் ஏறியிருந்த சொல். தொழில் திணைக்களத்து ஆட்கள் எப்போதாவது துறைக்கு வருவார்கள். கூலிக்கு ஆள் வைத்திருந்தால் சேமலாப நிதி கட்டவேண்டும், அடிபட்டால் நட்டஈடு கொடுக்கவேண்டும். அதனால் ஆரம்பத்திலேயே அழகையா எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார்: "எவன் வந்து கேட்டாலும் ஹவுல்னு சொல்லுங்க. நாம எல்லாம் பங்காளிங்க. எனக்கு வள்ளம், ஒங்களுக்கு ஒடம்பு." தானும் ஒரு காலத்தில் கயிறு இழுத்தவர் என்பதால் அவர் சொன்னது எடுபட்டது. துறைக்கு வரும்போதே, "என்னா பங்காளி, தண்ணி எப்பிடி?" என்றுதான் கேட்பார். சாஹுல் ஹமீதைக்கூட, முஸ்லிம் அண்ணனைக் கூப்பிடும் முறையில், "நானாவும் நம்ம பங்காளிதான்," என்று தோளில் தட்டுவார். நாள் முடிவில் கையில் வைக்கிற காசைப் பங்கு என்பார். மணல் விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்தப் பங்கு அசையாமல் அப்படியே இருக்கும்.

ஆனாலும் அந்தச் சொல் அவர்களுக்கு இனித்தது. அதை மறைத்துப் பயனில்லை. முக்கால்வாசிப் பேர் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்தவர்கள். தோட்டத்தில் தாத்தா கூலி, அப்பா கூலி. டவுனில் சண்டை வந்தால் கூலிப் பயலே என்றுதான் முதல் வசவு விழும். அந்தச் சொல்லைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வந்ததாக அவர்கள் நினைத்திருந்தார்கள். பங்காளி என்று ஒருத்தர் கூப்பிட்டால் அதற்காகவே ஒரு வாளி அதிகம் அள்ளத் தோன்றும். அழகையாவுக்கு இது நன்றாகத் தெரியும்.

உத்தியோகத்தர் கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதில் என்ன செய்துவிட்டது என்பது நிவாரணம் வழங்கத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. கூலிக்காரர் நிவாரணத்தில் அந்தத் துறையிலிருந்து ஒருவருமில்லை. கிராம சேவகரைப் போய்க் கேட்டார்கள். "நீங்க தொழில் நடத்துற ஆளுங்கன்னு நீங்களே சொல்லியிருக்கிறீங்க. தொழிலுக்கு உள்ள நட்டஈடு பத்திரக்காரரு பேருக்குப் போயிட்டு," என்றார் அவர்.

எல்லாரும் அழகையா வீட்டுக்குப் போனார்கள். அவர் விறாந்தைக்கு வந்தார்.

"வாங்க பங்காளி. நானா, வெயில்ல நிக்காம உள்ளுக்கு வாங்க."

"நிவாரணக் காசு வந்திருச்சாமே மொதலாளி," என்றார் மூக்கையா.

"வந்துச்சு. நான் ஒளிக்கல்லையே."

"எங்க பங்கக் கேக்க வந்தோம்."

அழகையா கோபப்படவில்லை. பொறுமையாகச் சாய்கதிரையில் உட்கார்ந்தார். "பங்குன்னா லாபத்துல பங்கு. இது நட்டத்துக்குக் குடுத்த காசு. வள்ளத்துல ஒயில் ஊறிப்போச்சு. குவிச்சு வச்ச மணல் பூராவும் நாசம். நட்டம் யாருது, என்னோடது. நட்டக் காசுல பங்கு வேணும்னா, வள்ளம் வாங்குன கடன்லயும் பங்கு எடுக்கணும். எடுக்கிறீங்களா?"

முன்னால் நின்றவர்கள் ஒரு அடி பின்வாங்கினார்கள்.

"கூலி ஆளுன்டு சொல்லியிருந்தா எங்களுக்கு வேறயா கெடச்சிருக்கும்," என்றாள் ரபீகா.

"வேணாம்னு நான் சொன்னேனா? அந்த மனுஷன் கேட்டப்ப நான் வாயத் தெறந்தேனா? ஒங்க வாய், ஒங்க பேச்சு."

அது உண்மைதான். அவர் வாயைத் திறக்கவே இல்லை. திறக்கத் தேவையில்லாமல் முன்பே எல்லாம் சொல்லிக் கொடுத்து முடித்திருந்தார்.

அதுவரை படியில் நின்றிருந்த அங்கம்மா கேட்டாள். அவள் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "எங்க வூட்டுக்காரரு நெஞ்சு எந்த நட்டத்துல சேரும் மொதலாளி? ஒங்க நட்டத்துலயா, எங்க நட்டத்துலயா?"

அழகையா அவளைப் பார்க்காமல், உள்ளே திரும்பி, "அந்த அரிசிப் பொதிய எடுத்து எல்லாருக்கும் குடுங்க," என்றார். ஆளுக்கொரு பொதி கிடைத்தது. வீட்டில் உலை காய்ந்துகொண்டிருந்ததால் எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள், அங்கம்மாவும்தான்.

மறுநாள் பின்னேரம் சாஹுல் ஹமீது வீட்டில் கூடினார்கள். ரபீகா வெறுந்தேத்தண்ணி கொடுத்தாள். சாஹுல் ஹமீது விசாரித்து வந்திருந்தார்.

"தப்பாப் பதிஞ்சிருந்தா முறைப்பாடு குடுக்க ஏலுமாம். அடுத்த கெழமை செயலகத்துல விசாரிக்கிற. ஒவ்வொரு ஆளும் பெய்த்து, நாங்க கூலிக்கித்தான் வேல செஞ்சண்டு சொல்லோணும். மொதலாளியையும் கூப்பிடுவாங்க."

"அவர் முன்னால வச்சா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அவர் முன்னாலதான்."

சொன்னால் அழகையா துறையில் சேர்க்கமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆறு என்றைக்காவது திறக்கும், அன்றைக்கு வேறு ஆட்கள் வள்ளத்தில் நிற்பார்கள்.

மூக்கையா கோப்பையைக் கீழே வைத்தார். "நான் வரல்ல. நிவாரணம் கெடைக்காட்டியும் பரவாயில்ல. என் வாயால என்னயக் கூலின்னு சொல்லமாட்டேன். எங்கப்பா சாகுற வரைக்கும் அந்தப் பேரோட இருந்தாரு. நான் அத உதறிட்டுத்தான் மலை எறங்கி வந்தேன். நீங்க போய்ச் சொல்லுங்க, நான் தடுக்கல்ல."

"நாம சொல்லாட்டி அது இல்லாமப் போயிருமாண்ணே?" என்றாள் அங்கம்மா. "கூலியாத்தானே வச்சிருந்தாரு. கூப்பிட்ட பேரு மட்டும் வேற."

"ஒனக்குப் புரியாது தங்கச்சி," என்று மூக்கையா எழுந்து போய்விட்டார். அவர் நடையில் தள்ளாட்டம் இருந்தது. சுழியோடிகளுக்குக் காது கெட்டால் நடை அப்படித்தான் ஆகும்.

விசாரணைக்கு முந்தின நாள் பார்வையாளர் நேரத்தில் அழகையா ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒரு பை நிறையத் தோடம்பழம். கட்டில் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கறுப்பையாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மூக்கில் பிராணவாயுக் குழாயோடு கறுப்பையா அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பேச முயன்றால் நெஞ்சு கரகரத்தது.

"அங்கம்மா, மனசு கேக்கல்ல. அதுதான் வந்தேன்," என்றார் அழகையா. "கறுப்பையாவுக்கு இனி என்ன செலவுன்னாலும் என் பொறுப்பு. எழும்பி வந்த பொறகு தொறையில காவல் வேல குடுக்கிறேன். ஒங்க ரெண்டு பேத்துக்கும் அந்த நட்டஈட்டுல ஒரு பங்கு தனியாத் தர்றேன். நாளைக்கு நீ மட்டும் பழையபடி சொல்லு. அடிபட்டவன் பொண்டாட்டியே பங்காளின்னு சொன்னா, மத்தவங்க பேச்சு நிக்காது."

"மத்தவங்களுக்கு?"

"மத்தவங்க வயித்துப்பாட்ட அவங்க பார்க்கட்டும். ஒன் புருஷன் கெடக்கிற கெடையப் பாரு."

அவர் போன பிறகு அங்கம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அழகையா கொடுத்த வாக்கை மீறுகிற ஆள் இல்லை. தருகிறேன் என்றால் தருவார். அது அவளுக்குத் தெரியும். செயலகத்துக்காரர்கள் தருவார்களா என்பது யாருக்கும் தெரியாது. கறுப்பையா கண்ணை மூடிக்கொண்டான். அவன் என்ன சொல்ல நினைக்கிறான் என்று அவளுக்கு விளங்கவில்லை. அவன் கையை எடுத்து மடியில் வைத்தாள். நகங்களுக்குள் இன்னும் எண்ணெய்க் கறுப்பு இருந்தது. அவளுக்கு அப்போதும் அழுகை வரவில்லை. எண்ணெய் கலக்காத ஒரு வாய்ச் சோறு வேண்டும் போல மட்டும் இருந்தது.

செயலகத்தில் விசாரணை அறைக்கு வெளியே நீளமான வாங்குப் பலகையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். மூக்கையாவும் வந்திருந்தார். "சும்மா பார்க்க வந்தேன்," என்றார், யாரும் கேட்காமலே. உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் வேறொரு உத்தியோகத்தர், தலை நரைத்தவர், கொஞ்சம் தமிழும் பேசினார். மேசையின் ஓரத்தில் அழகையா வெள்ளைச் சேட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். முதலில் அங்கம்மாவைத்தான் அழைத்தார்கள்.

"ஹவுல்த, குலியட்டத?"

அழகையா அவளைப் பார்த்துத் தலையை இலேசாக அசைத்தார். அங்கம்மா மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"குலியட்ட, சேர்."

அந்தச் சொல் தமிழிலும் சிங்களத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அழகையா தொண்டையைச் செருமினார். "சேர், இவ புருஷன் ஆஸ்பத்திரியில. மனசு சரியில்லாம ஏதோ சொல்லுது. யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க."

"முதல்ல ஹவுல் என்று சொன்னது," என்றார் உத்தியோகத்தர். "இப்ப கூலி என்று சொல்றது. எது பொய்?"

"மொதல்ல சொன்னது மொதலாளி சொல்லச் சொன்னது. இது நானாச் சொல்றது."

உத்தியோகத்தர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். இப்படி எத்தனையோ பேரைப் பார்த்துச் சலித்த முகம் அது. நிவாரணத்துக்காக எதையும் சொல்வார்கள் என்று அவர் நினைப்பது தெரிந்தது. "சரி. ஒரு கேள்வி. ஒரு கியூப் மணல் என்ன விலைக்குப் போகுது?"

அங்கம்மா யோசித்தாள். லொறியில் ஏறும் மணலுக்குக் கியூப்தான் அளவு. எத்தனை வருஷமாகத் தலையில் சுமந்த மணல். லொறிக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள், அதையும் அவளிடம் சொல்லமாட்டார்கள். விலை பேசும்போது அழகையா லொறியை எட்டத்தில் நிறுத்தித்தான் பேசுவார். இப்போது தெரியாது என்று சொன்னால் முட்டாள் என்று நினைப்பார்களோ என்று ஒரு கணம் கூச்சப்பட்டாள்.

"தெரியாது, சேர்," என்றாள்.

உத்தியோகத்தர் சாஹுல் ஹமீதைக் கேட்டார். "எனக்கும் தெரியாது சேர்." ரபீகாவைக் கேட்டார். அவளுக்கும் தெரியாது. வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் தெரியாது தெரியாது என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அழகையா வெள்ளைச் சேட்டின் கழுத்துப் பொத்தானைத் தளர்த்தினார்.

"நீங்க?" என்று உத்தியோகத்தர் கதவோரம் நின்ற மூக்கையாவைக் கேட்டார். "எவ்வளவு காலம் இந்தத் தொழில்ல?"

"தொறை தொடங்கின நாள்ல இருந்து."

"அப்ப மூத்த பங்காளி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கியூப் என்ன விலை?"

மூக்கையா வாயைத் திறந்தார். அவர் அழகையா பக்கம் திரும்பி, ஏதோ கடன் கேட்கிறவர் போல, "என்ன வெலை பங்காளி?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். அழகையா சுவரைப் பார்த்தார். சொன்னால் இத்தனை காலம் கொடுத்த பங்கு எவ்வளவு என்று அந்த அறையிலேயே எல்லாரும் கணக்குப் பார்த்துவிடுவார்கள்.

மூக்கையா உத்தியோகத்தரிடம் திரும்பினார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"தெரியாது, சேர். நானும் குலியட்டதான்."

அதைச் சொல்லும்போது அவருடைய கண் கலங்கியது. அங்கம்மா அதைப் பார்த்தாள். அவளுக்குள் எங்கோ ஒரு இடத்தில் வலித்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த வலி என்பதால் அது என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் எடுத்தது.

உத்தியோகத்தர் வாக்குமூலங்களை எழுதினார். தீர்ப்பு எதையும் சொல்லவில்லை. இதை மேலே அனுப்பவேண்டும், கொடுத்த நட்டஈட்டைத் திருப்பிக் கேட்பது லேசான விஷயமில்லை, தொழில் திணைக்களத்துக்கும் போகவேண்டி வரலாம், பதில் வரும்போது வரும் என்றார். "இப்ப போங்க," என்று முடித்தார். அவ்வளவுதான். நிவாரணம் உண்டு என்றும் இல்லை, கிடையாது என்றும் இல்லை.

வெளிவிறாந்தையில் அழகையா அவர்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"நல்லாக் கேட்டுக்குங்க. ஆறு தெறந்தாலும் என் வள்ளத்துல ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது. அங்கம்மா, ஒனக்குச் சொன்னதும் இனி இல்ல."

"தெரியும் மொதலாளி," என்றாள் அங்கம்மா.

"ஹவுல் ஆள எப்பிடி மொதலாளி நிப்பாட்டுற?" என்று ரபீகா கேட்டாள். "கூலி ஆளத்தானே நிப்பாட்ட ஏலும். இதயும் உள்ளுக்கு வந்து அந்த சேருக்கிட்டச் சொல்லிட்டுப் போங்களே."

யாரோ சிரித்தார்கள். அழகையா படியிறங்கினார். சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது. நாளைக்கு வீட்டில் என்ன சமைப்பது என்ற நினைப்பு எல்லாருக்கும் வந்துவிட்டது. அரிசிப் பொதியும் தீர்ந்துகொண்டு வந்தது.

"நாளைக்கி தென்னக்கும்புரத் தொறையில பதியப் போறாங்களாம்," என்றார் சாஹுல் ஹமீது. "உள்ளுக்குப் பேசிக்கிட்டு இருந்தாங்க. ஒயில் அங்கயும் பெய்த்து இரிக்கி. அங்க உள்ள சனத்துக்கு இன்னம் ஒண்ணும் தெரியாது."

எல்லாரும் பஸ் தரிப்பிடத்தில் நின்றார்கள். கட்டுகஸ்தோட்டை பஸ் வந்தது. யாரும் ஏறவில்லை. நடத்துனர் ஒருமுறை கேட்டுவிட்டு மணி அடித்தார். மூக்கையாதான் முதலில் வீதியைக் கடந்து, எதிர்ப்பக்கத்து பஸ்ஸுக்குப் போய் நின்றார். கையிலிருந்த சில்லறையைச் சேர்த்து, போகிற செலவுக்கு மட்டும் போதும் என்று பார்த்துக்கொண்டு ஏறினார்கள். வருவதற்கு நடக்கலாம் என்றாள் ரபீகா.

தென்னக்கும்புரத் துறையில் வள்ளங்கள் கவிழ்த்துப் போட்டபடி கிடந்தன. கரை மணலில் கறுப்பு இன்னும் காயவில்லை. முகம் தெரியாத பெண்கள் சிலர் சிரமதானம் முடிந்து வந்து, மண்ணெண்ணெய்த் துணியால் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்திருந்தது. அவர்களில் மூத்தவள் நிமிர்ந்து இவர்களைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"யாரு நீங்க? மொதலாளி இங்க இல்லையே."

"மொதலாளியப் பார்க்க வரல்ல," என்றாள் அங்கம்மா. "நாளைக்கு ஒங்கள விசாரிக்க வாராங்களாம். என்ன சொல்லணும்னு தெரியுமா?"

"தெரியாம என்ன. எப்பவோ சொல்லிக் குடுத்துட்டாரு." அந்தப் பெண் துணியை மறுபடியும் மண்ணெண்ணெயில் நனைத்தாள். அவள் முகத்தில் ஒரு பெருமையும் இருந்தது. "நாங்க கூலி ஆளுங்க இல்ல, பங்காளிங்க."

அங்கம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, கறுத்த மணலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூக்கையாவும் மற்றவர்களும் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். அங்கம்மா அந்தப் பெண்ணின் கையிலிருந்த துணியை வாங்கி, அவளுக்கு எட்டாத குதிகால் பக்கத்தைத் துடைக்கத் தொடங்கினாள்.

"அக்கா," என்றாள், "ஒங்க தொறையில ஒரு கியூப் மணல் என்ன வெலைக்குப் போகுது?"